வரைபடத்தின் ஸனது

திருப்பூருக்குக் கிழக்கே முதலிபாளையத்தில் பின்னலாடைத் தொழில் நடத்திவரும் அன்பர் ஒருவரின் இல்லத்தில், ஒரு மாலைப் பொழுதில் நாம் கண்ட காட்சியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. அன்பரின் இளைய மகன் சிறு விமானங்களை ஓட்டுபவர். மேகத்துக்கு மேலே கருவிகளை நம்பிச் செல்லும் பெரிய விமானங்களின் முறை வேறு. அவர் பயின்றது வேறு. ஆற்றையும் இருப்புப்பாதையையும் குன்றையும் கண்ணால் கண்டு, மடியில் விரித்த வரைபடத்தோடு ஒப்பிட்டு, வழி அறிந்து பறப்பது அவருடைய முறை. அடுத்த மாதம் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் இரு நாடுகளைக் கடந்து அவ்வாறு பறக்க அவர் ஆயத்தமாகிக் கொண்டிருந்தார்.

கூடத்தின் தரையில் பெரிய வரைபடத் தாள் ஒன்று விரிந்து கிடந்தது. ஆனால் அது ஆப்பிரிக்காவைக் காட்டுவது அன்று. நம் கொங்கு நாட்டைக் காட்டுவது. ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில், அதாவது ஒரு சென்டிமீட்டர் ஐந்து கிலோமீட்டரைக் குறிக்கும் வகையில், அயல்நாட்டு இராணுவத்தின் தேவைக்காக அச்சாகிப் பின்னர்ப் பொதுமக்களுக்கும் விற்கப்பட்ட வரிசையின் தாள் அது. "நான் பறக்கப்போகிற இரண்டாவது நாட்டுக்கு இந்த வரிசைத் தாள்தான் கிடைத்திருக்கிறது. அதை நம்பலாமா என்று தெரியவில்லை. அதனால் நமக்குத் தெரிந்த மண்ணை இந்த வரிசை எப்படிக் காட்டுகிறது என்று முதலில் பார்க்கிறேன்" என்றார் அவர். நமக்கு அந்த எண்ணமே வியப்பளித்தது. அறியாத மண்ணின் படத்தைச் சோதிக்க, அறிந்த மண்ணின் படத்தை எடுத்துவைத்திருந்தார்.

தந்தையார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து தேடலானார். நொய்யல் இருந்தது. இருப்புப்பாதை இருந்தது. சிவன்மலையும் சென்னிமலையும் தத்தம் இடத்தில் இருந்தன. "ஒரத்துப்பாளையம் அணையைக் காணோமே, தம்பி" என்றார். அந்த அணை 1990-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. தாளுக்குரிய தகவல் அதற்கு முன்னரே திரட்டப்பட்டிருந்தது. பல்லடம், தாராபுரம், உடுமலை வட்டாரங்களில் பாலக்காட்டுக் கணவாயின் காற்றை நம்பி நிறுத்தப்பட்ட காற்றாலைகளுள் ஒன்றுகூட அதில் இல்லை. இக்காலக் காற்றாலையின் இறக்கை நுனி தரையிலிருந்து நூறு மீட்டருக்கும் மேலே எழுவது. தாழப் பறக்கும் சிறு விமானத்துக்கு அது உயிர் பற்றிய செய்தி.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கலையும் தந்தையாரே எடுத்துக்காட்டினார். புதிதாக வரையப்பட்ட படமொன்றில் ஒரத்துப்பாளையம் நீலநிற ஏரியாக இடம்பெற்றிருக்கும். ஆனால் சாயக்கழிவு நீர் தேங்கியதால் எழுந்த வழக்குகளுக்குப் பின், அந்த அணையில் நீரைத் தேக்கிவைக்கும் வழக்கம் நின்றுபோயிற்று. ஆக, பழைய படத்தை நம்பும் விமானி, படத்தில் இல்லாத அணைக்கட்டைக் கண்டு குழம்புவார். புதிய படத்தை நம்பும் விமானி, தரையில் இல்லாத ஏரியைத் தேடிக் குழம்புவார். எதை நம்புவது?

இக்கேள்வியைக் கேட்ட கணத்தில் நம் நினைவுக்கு வந்த சொல் 'ஸனது'. ஒரு செய்தி எத்துணை அழகாக இருப்பினும், அதை யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க இயலுமா, சொன்னவரின் நினைவாற்றல் எத்தகையது என்று வினவிய பின்னரே ஏற்பது ஹதீஸ் கலை வல்லுநர்களின் முறை. அத்துறைக்குரிய கண்ணியத்தை ஒரு தாளின்மேல் ஏற்றுவது நம் கருத்தன்று. எனினும் அறிவிப்பாளர் வரிசையை ஆராயும் அந்த மனப்பழக்கம், முஸ்லிம் நிலவியலாரிடமும் கடலோடிகளிடமும் ஆழமாக வேரூன்றியிருந்தது. வரைபடத்தின் வரலாற்றை அந்தக் கண்கொண்டு பார்ப்பது பொருத்தமேயாகும்.

சிசிலித் தீவின் அரசர் இரண்டாம் ரோஜரின் அவையில் பணியாற்றிய அல்-இத்ரீசி, ஏறத்தாழ பதினைந்து ஆண்டு உழைப்புக்குப் பின் 1154-இல் நிறைவுசெய்த நூலில் எழுபது பகுதிப் படங்கள் உள்ளன. அந்நூலின் முன்னுரை தரும் செய்தி கருதத்தக்கது. பயணிகளை வரவழைத்துத் தனித்தனியாகவும் கூட்டாகவும் விசாரித்தனர், அவர்கள் ஒருமித்துச் சொன்னது ஏற்கப்பட்டது, முரண்பட்டது நீக்கப்பட்டது. படம் வரையும் கலையினும் சாட்சிகளை விசாரிக்கும் கலை அங்கே முந்தி நிற்பதைக் காண்கிறோம்.

கடலில் இது இன்னும் கூர்மை பெற்றது. நாம் 'மாலுமி' என்று வழங்கும் சொல்லே அரபியின் 'முஅல்லிம்' என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பர் அகராதியார். கப்பலை நடத்துபவரை ஆசிரியர் என்றே அழைத்தது அந்த மரபு. மஅபர் என அரபியர் வழங்கிய நம் கிழக்குக் கடற்கரைக்கு இம்முஅல்லிம்களின் நூல்கள் புதியன அல்ல. அவர்களுள் தலைசிறந்தவரான ஜுல்பாரைச் சேர்ந்த அஹ்மத் இப்னு மாஜித், ஹிஜ்ரி 895-இல் (கி.பி. 1489-90) நிறைவுசெய்த 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் பெருநூலில், தமக்கு முந்திய மூன்று புகழ்மிக்க கடல்நூலாசிரியர்களை மதிப்பிடுகிறார். அவர்களைச் சிங்கங்கள் என்று போற்றுகிறார். தம்மை நான்காமவர் என்று எண்ணிக்கொள்ளவும் தயங்கவில்லை. ஆயினும் அவர்கள் தொகுப்பாளர்களேயன்றி அனுபவசாலிகள் அல்லர் என்கிறார். பாரசீக வளைகுடாவின் சீராஃபிலிருந்து மக்ரான் கரை வரையில் மட்டுமே பயணம் செய்தவர்கள்; மற்றக் கரைகளைப் பற்றி அவ்வக் கரையினரைக் கேட்டு எழுதியவர்கள். ஒருவரைப் புகழ்ந்துகொண்டே அவருடைய சொல்லுக்கு எல்லை வகுக்கும் இந்த நேர்மையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். 'இவர் இன்ன கரை வரையில் நம்பத்தக்கவர்' என்பது எல்லாவற்றையும் ஏற்பதும் அன்று. எல்லாவற்றையும் தள்ளுவதும் அன்று.

அதே நூலில் முஅல்லிம்களை மூன்று தரமாகவும் பிரிக்கிறார். சில வேளை தப்பியும் சில வேளை தவறியும் செல்பவர் ஒருவர். தாம் சென்ற இடங்களில் தேர்ந்தவர், ஆயினும் இறந்தபின் மறக்கப்படுபவர் மற்றொருவர். அறிந்ததைப் பிறர் பயன்கொள்ள எழுதிவைப்பவரே முதல் தரத்தினர். இடைக்குறிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். 1498-இல் வாஸ்கோ ட காமாவுக்கு மலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜிதே என்று நம் மேடைகளில் இன்றும் முழங்கக் கேட்கிறோம். அச்செய்திக்கு ஆதாரம் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய குத்புத்தீன் அந்நஹ்ரவாலி. போர்த்துக்கீசியரின் சமகாலக் குறிப்புகளோ குஜராத்தி வழிகாட்டி ஒருவரைச் சுட்டுகின்றன. இக்கால ஆய்வாளர் பெரும்பாலோர் இக்கதையை ஏற்பதில்லை. ஸனது பலவீனமான செய்தியைக் கொண்டு அம்மேதைக்குப் புகழும் வேண்டியதில்லை, பழியும் வேண்டியதில்லை.

கேட்டறிதலுக்கு ஓர் எல்லை உண்டு; அதற்கப்பால் அளந்தறிய வேண்டும். இங்கேதான் நம் கதை கொங்கு மண்ணை வந்தடைகிறது. கலீஃபா மஃமூனின் காலத்தில் (கி.பி. 813-833) வானியலார் சிஞ்சார் சமவெளியில் இரு குழுவாகப் பிரிந்து, ஒரு குழு வடக்கும் ஒரு குழு தெற்குமாக, துருவ உயரம் ஒரு பாகை மாறும் வரையில் நடந்து, கடந்த தொலைவை அளந்தனர். ஒரு பாகைக்கு 56 மைலும் மூன்றில் இரு பங்கும் என்று அவர்கள் கண்ட முடிவு நூல்களில் வழங்கிவருகிறது. இரு நூற்றாண்டுக்குப் பின் அல்-பிரூனி, பஞ்சாபின் நந்தனாக் கோட்டைக் குன்றின்மேல் நின்று, தொடுவானம் தாழ்ந்து தோன்றும் கோணத்தைக் கொண்டே புவியின் ஆரத்தைக் கணித்தார். ஊர்களின் இருப்பிடத்தைத் துல்லியமாக அறியும் முறை பற்றி அவர் 1025-இல் நிறைவுசெய்த 'தஹ்தீத்' என்னும் நூல், கிப்லாவின் திசையறியும் தேவையையும் உள்ளடக்கியது. தொழும் திசை பிழைபடக் கூடாதே என்ற கவலை, உலகை அளக்கும் கலையை வளர்த்தது.

அதே வினாவை வேறொரு நோக்கத்தோடு, ஆளும் கும்பினியின் நோக்கத்தோடு, நம் மண்ணில் எழுப்பியவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து தொடங்கிய முக்கோண அளவைப் பணி, குமரிமுனைப் பக்கத்திலிருந்து வடக்கே இமயத்தின் அடிவாரம் வரையில் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீண்டது. அந்த நெடுங்கோட்டின் வானியல் நிலையங்களுள் ஒன்று கொங்கு நாட்டில், அளவையாளர் தம் ஏட்டில் 'புச்சபாளையம்' என்னும் ஒலிப்பில் எழுதிவைத்த இடம். அதன் அட்சம் 10 பாகை 59 கலை 49 விகலையை ஒட்டியது. முதலிபாளையம் 11 பாகைக்குச் சற்று வடக்கே உள்ளது. அதாவது சிஞ்சாரிலும் நந்தனாவிலும் கேட்கப்பட்ட அதே கேள்வி, பனியன் தறிகள் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே நம் வாசற்பக்கத்தில் மீண்டும் கேட்கப்பட்டது. இதைச் சொன்னபோது தந்தையாரின் முகத்தில் எழுந்த மகிழ்ச்சியை நாம் மறக்க இயலாது.

லாம்டனின் கருவி அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட். 1808-இல் தஞ்சையில் கோயிற் கோபுரத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதிப் பழுதுற்றது. லாம்டன் அதைத் தாமே வாரக்கணக்கில் செம்மை செய்தார். எனினும் இத்தகைய கருவிகளைத் தொடர்ந்து பழுதுபார்க்கக் கைத்திறன் மிக்க ஒருவர் வேண்டியிருந்தது. அவர் நம் வட ஆர்க்காட்டு மண்ணிலிருந்து கிடைத்தார். ஆர்க்காட்டைச் சேர்ந்த சையித் மீர் முஹ்ஸின் ஹுஸைன், சென்னையில் நகைவணிகர் ஒருவரிடம் பணியாற்றியவர்; அளவைத் துறையில் சேர்ந்து, லாம்டனுக்குப் பின்வந்த ஜார்ஜ் எவரெஸ்டின் முழு நம்பிக்கையையும் பெற்றார். ஹென்றி பாரோ என்னும் ஆங்கிலேயருக்குப் பின், 1843 வாக்கில், அத்துறையின் கணிதக் கருவி வல்லுநர் பதவி அவரிடம் வந்தது. எவரெஸ்டின் பெயரை உலகின் உயர்ந்த சிகரம் தாங்கி நிற்கிறது. எவரெஸ்டின் கண்ணுக்குக் கருவியைத் தீட்டித் தந்த ஆர்க்காட்டு முஸ்லிமின் பெயர் நம் பள்ளிப் பாடநூல் எதிலும் இல்லை. இந்திய வரைபடங்களின் ஸனதில் அவரும் ஓர் அறிவிப்பாளர்.

தரையை அளந்த படத்தை வானிலிருந்து பார்க்கும் காலம் வந்தது. தொடக்கத்தில் விமானிகளுக்கெனத் தனிப் படம் இல்லை. இருப்புப்பாதையைத் தொடர்ந்து பறப்பதே பலரின் வழக்கம். பாதையே இல்லாத பாலைவனத்தில் என்ன செய்வது? 1921-இல் கெய்ரோவுக்கும் பக்தாதுக்கும் இடையே விமான அஞ்சல் தொடங்கியபோது, பாலையின் குறுக்கே வண்டித்தடம் ஒன்றை அமைத்தனர். தடம் தெளிவாகத் தெரியாத பகுதிகளில் ஏர் கொண்டு சால் உழுதனர். இறங்குதளங்களில் எழுத்தும் எண்ணும் பொறித்தனர். படத்தில் கோடு வரைவதற்கு மாறாகப் பூமியிலேயே கோடு வரைந்த விந்தை அது.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே ஒரு மாதத்துக்குள் தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்த 500 பவுன் பரிசுக்காக, 1930-இல் மூவர் முனைந்தனர். மன்மோகன் சிங் தம் விமானத்துக்கு 'மிஸ் இந்தியா' என்று பெயரிட்டிருந்தார். ஆங்கிலத்தில் அது 'இந்தியாவைத் தவறவிடு' என்றும் பொருள்படுமாதலால், அவர் அவ்வாறே செய்யக்கூடும் என்று இலண்டன் விமான இதழ் ஒன்று கேலி செய்தது. எதிர்த்திசையில் கராச்சியிலிருந்து கிளம்பிய ஜே.ஆர்.டி. டாட்டா, எகிப்தின் அபூகீரில் தம் போட்டியாளரான அஸ்பி எஞ்சினியரைச் சந்தித்து, அவருக்குத் தேவைப்பட்ட எஞ்சின் பிளக்குகளைக் கொடுத்துதவினார். பரிசு எஞ்சினியருக்கே போயிற்று. 1932 அக்டோபர் 15 அன்று டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சலைக் கொண்டுவர, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். வானொலி வழிகாட்டல் இல்லாத அப்பயணங்களில் விமானிக்கு உற்ற துணை மடியில் இருந்த படமும் கண்ணும்தான்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் அஞ்சல் விமானியாயிருந்த எல்ரி ஜெப்சன், பத்து சென்ட் விலையுள்ள குறிப்பேடு ஒன்றை வாங்கி, தாம் இறங்கும் திடல்களின் நீளம், அருகிலுள்ள மரம், குன்றின் உயரம் ஆகியவற்றை எழுதிவந்தார். உயரத்தை அறிய உயரமானியுடன் குன்றின்மேல் தாமே ஏறினார். வானிலை கேட்பதற்காக வழியிலுள்ள குடியானவர்களின் தொலைபேசி எண்களையும் குறித்துக்கொண்டார். உடன் பறந்தோர் அதைப் படியெடுக்க விரும்பவே, 1934-இல் அது வணிகமாயிற்று. இப்னு மாஜித் முதல் தரத்து முஅல்லிமுக்கு விதித்த இலக்கணம் இவருக்குப் பொருந்துகிறது என்போம்: தாமே சென்றார், தாமே அளந்தார், எழுதிவைத்தார்.

1944-இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியே உருவான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமான வரைபடங்களுக்கெனத் தனி இணைப்பு விதிகளை 1948-இல் ஏற்றது. குறியீடுகள், அளவுகள், உயரங்களைக் காட்டும் முறை ஆகியன ஒருமைப்பட்டன. முன்கூட்டியே அறிவிக்கத்தக்க மாற்றங்கள் 28 நாள் சுழற்சியில் உலகெங்கும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரும் ஏற்பாடும் பின்னர் ஏற்பட்டது. ஆயினும் விதி ஒன்றாயினும் எல்லா நாடுகளின் கடைப்பிடிப்பும் ஒன்றன்று. சில நாடுகள் கண்பார்வைப் பறத்தலுக்கான தாளை ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றன. அமெரிக்கா 2021 முதல் 56 நாளுக்கொருமுறை வெளியிடுகிறது. வேறு சில நாடுகளுக்கு, முன்பே சொன்ன இராணுவ வரிசையின் பழந்தாள்களே கைக்குக் கிடைக்கின்றன.

ஆகவே அயல்நாட்டில் பறப்பவர் தாளைக் கையிலெடுத்தவுடன் படத்தைப் பார்க்கலாகாது. அதன் ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்று அவ்விளைஞர் சொன்னது முற்றும் சரி. ஓரத்தில்தான் ஸனது உள்ளது. வெளியிட்டவர் அந்நாட்டின் விமானத்துறையா, அன்றி எங்கிருந்தோ தொகுத்த வணிகரா? அச்சிட்ட ஆண்டு வேறு, தகவல் திரட்டிய ஆண்டு வேறு. மறுபதிப்பு என்ற பெயரில் முதலது புதியதாயிருக்க, இரண்டாவது பழையதாகவே தங்கிவிடுகிறது. உயரம் அடியிலா, மீட்டரிலா? 900 என்ற எண்ணை மீட்டருக்கு மாறாக அடி எனப் படித்தவரின் முன்னே குன்று மும்மடங்கு உயர்ந்து நிற்கும். காந்த விலக்கம் எந்த ஆண்டுக்குரியது? நம் நாட்டின் தென்பகுதியில் அது மிகச் சிறிதாதலால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆப்பிரிக்காவின் தென்முனையிலோ அது 20 பாகைக்கும் மேல். திரையில் ஒளிர்வதாலேயே ஒரு படம் புதியதாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய தாள்களை அப்படியே நகலெடுத்துக் கைக்கணினியில் ஏற்றியவையும் விற்பனையில் உண்டு.

அறிவிப்பாளர் வேண்டுமென்றே பொய் சொன்ன வரலாறும் இருக்கிறது. சோவியத் ஒன்றியம் பொதுமக்களுக்கு விற்ற வரைபடங்களில் ஊர்களும் ஆறுகளும் பாதைகளும் பல்லாண்டுகளாக இடம்மாற்றிக் காட்டப்பட்டு வந்தன என்பதை, 1988-இல் அந்நாட்டு அதிகாரிகளே ஒப்புக்கொண்டனர். அதே அரசின் படைத்துறைப் படங்களோ மிகத் துல்லியமானவை. ஆகவே 'இன்ன நாட்டின் படம்' என்று மொத்தமாக நம்புவதும் மொத்தமாகத் தள்ளுவதும் தகாது. யாருக்காக வரையப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

எவரும் பொய் சொல்லாதபோதும் இரு படங்கள் முரண்படுவதுண்டு. எவரெஸ்ட் 1830-இல் வகுத்த புவிவடிவத்தின் நடுக்கோட்டு ஆரம், இன்றைய செயற்கைக்கோள் முறை கொள்ளும் 6,378,137 மீட்டரைவிட ஏறத்தாழ 860 மீட்டர் குறைவு. அந்த அடிப்படையில் குறித்த இடமும் செயற்கைக்கோள் காட்டும் இடமும் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேலாக விலகக்கூடும். கண்ணால் மலையைப் பார்த்துப் பறப்பவருக்கு இது பெரிதன்று. புகைமூட்டத்தில் ஓடுதளத்தைத் தேடுபவருக்குப் பெரிது. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின்னரே, பொதுப் பயன்பாட்டுக்கான இந்தியத் தாள்கள் புதிய அடிப்படைக்கு மாறின. எவரெஸ்ட் பிழை செய்தார் என்று இதற்குப் பொருளில்லை. அவர் சிங்கம், அவர் சென்ற கரை வரையில்.

இரவு உணவுக்குப் பின் இளைஞர் தம் முடிவைச் சொன்னார். முதல் நாட்டுக்கு அந்நாட்டு அரசே வெளியிட்ட அண்மைத் தாள் கையில் உள்ளது. அதை அப்படியே கொள்வது. இரண்டாவது நாட்டுக்குரிய பழந்தாளில் மலை, ஆறு, உயரம் ஆகியவற்றை ஏற்பது. ஏரி, சாலை, கோபுரம் எதையும் அங்குள்ள பறத்தற் கழகத்தாரிடம் கேட்டு உறுதிசெய்யாமல் ஏற்பதில்லை. குறித்த உயரத்துக்குமேல் வழக்கத்தினும் கூடுதலான இடைவெளி விட்டே பறப்பது. கழகத்தாருக்கு அன்றிரவே மடல் எழுதினார். பத்து நாளில் விடை வந்ததாகவும், அதில் தாளில் இல்லாத நான்கு கோபுரங்களின் இருப்பிடம் கண்டிருந்ததாகவும் பின்னர் அறிந்தோம்.

நாம் விடைபெறும்போது கொங்கு நாட்டுத் தாள் இன்னும் தரையிலேயே கிடந்தது. தந்தையார் பென்சிலை எடுத்து, நொய்யலின்மேல் ஒரத்துப்பாளையத்தின் இடத்தில் சிறு குறுக்குக்கோடு ஒன்றை இட்டார். அதன் பக்கத்தில், 'அணை உண்டு, நீர் இருப்பது உறுதி அன்று' என்று எழுதினார். மகன் அதைப் படித்துவிட்டு, "தேதியும் உங்கள் பெயரும் போடுங்கள், அத்தா" என்றார். அவர் போட்டார்.